நீலகிரிக்கு வானிலை சொல்லப் பழகுவது: புதிய முன்னறிவிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

"நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்." இந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் குந்தா பக்கம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளருக்கும், கோத்தகிரியில் கேரட் அறுவடைக்கு ஆள் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கும், கல்லாறு–குன்னூர் பாதையில் மலை ரயிலை விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கும் இந்த வரி ஒன்றுமே சொல்வதில்லை. மூன்று பேரும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். அன்றைய வானிலை மூன்று பேருக்கும் வேறு வேறு.

2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8-ஐ ஒட்டிய நாட்களில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் நேர்கோட்டில் 20 கி.மீ. அளவுதான் இருக்கும். முதலாவதைக் கொண்டுவந்தது கீழைக்காற்று, இரண்டாவதைக் கொண்டுவந்தது மேலைக்காற்று. ஒன்றில் மூழ்கிய சரிவு மற்றொன்றில் ஏறக்குறைய தப்பித்துக்கொண்டது. மலை வானிலை கற்க வருகிறவர் இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்பேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே பயிற்சி நிலையத்திலோ பல்கலைக்கழகத்திலோ அடிப்படை இயற்பியலை நீங்கள் படித்திருப்பீர்கள். அதை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. சமவெளியில் பழகிய கண்ணை மலைக்கு எப்படிப் பழக்குவது என்பதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன். நீலகிரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டு பருவமழையும் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வந்து மோதும் மலை அது. இங்கே பழகியவருக்கு மற்ற மலைகள் அவ்வளவாகப் பயம் காட்டாது.

முதல் படி: வானிலை வரைபடத்துக்கு முன் நில வரைபடம்

முதல் வாரம் கணினித் திரையைத் தொடாதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவு வரைபடத்தை மேசையில் விரித்து, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுக்குவெட்டுப் படம் கையால் வரையுங்கள். கோழிக்கோடு கடற்கரையில் தொடங்குங்கள். நிலம்பூர் வரை நிலம் கடல்மட்டத்தோடு ஒட்டியே வரும். அங்கிருந்து 30, 35 கி.மீ. தூரத்துக்குள் முக்குறுத்தி சிகரம் 2,554 மீட்டருக்கு எழுந்துவிடும். அப்புறம் மேட்டுநிலம்: உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். அதன் கிழக்கே வடக்கு–தெற்காகத் தொட்டபெட்டா முகடு, உச்சி 2,637 மீட்டர். முகட்டைத் தாண்டினால் குன்னூர் 1,850 அளவில், கோத்தகிரி கிட்டத்தட்ட அதே உயரத்தில், கடைசியில் மேட்டுப்பாளையம் 325 மீட்டருக்கு இறங்கிவிடும்.

இந்த ஒரு படத்தில் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. மேற்கு விளிம்பு சுவர்போல நிற்கிறது. நடுவில் தொட்டபெட்டா இரண்டாவது சுவர். மேற்கிலிருந்து வரும் காற்று முதல் சுவரில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தோடு உதகைக்கு வருகிறது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குத் தொட்டபெட்டாவின் கிழக்குச் சரிவுதான் முதல் சுவர்.

இனி வடக்கு–தெற்காக இன்னொரு படம் வரையுங்கள். வடக்கே மாயார் பள்ளத்தாக்கும் மசினகுடியும் மழை மறைவில் கிடக்கின்றன. தெற்கே பாலக்காட்டுக் கணவாய், மேலைக்காற்றுக்குத் திறந்துவிட்ட வாசல். மலை ஏற முடியாத காற்று அந்த வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது.

வரைந்து முடித்ததும் மாவட்டத்தைத் துண்டுபோடுங்கள். நான் ஆறு துண்டு போடச் சொல்வேன்: கூடலூர்–பந்தலூர்–தேவாலா, அவலாஞ்சி–அப்பர் பவானி–எமரால்டு என்ற மேற்கு விளிம்பு, உதகை மேட்டுநிலம், குன்னூர்–கேத்தி, கோத்தகிரி, மசினகுடி–மாயார். இனி "நீலகிரி" என்று ஒரே பெயரில் எந்த முன்னறிவிப்பும் எழுதக் கூடாது. துண்டுக்கு ஒரு வரி. அது கைக்கு வருகிறவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம்

மலையில் மழையைக் கணிப்பது என்பது பெரும்பாலும் காற்றைக் கணிப்பதுதான். ஈரம் நிறைந்த காற்று சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகி மழையாகிறது. எந்தச் சரிவு காற்றுக்கு நேரே நிற்கிறது என்று தெரிந்தால் எந்த ஊர் நனையும் என்பது தெரிந்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்க்க எல்லோரும் 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டத்தின் வரைபடத்தைத் திறப்பார்கள். அது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உதகையோ 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே தரையிலேயே காற்றழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அதாவது உதகைக்கு மேல் 850 ஹெக்டோபாஸ்கல் என்று திரையில் தெரியும் காற்றும் வெப்பமும் மலையின் வயிற்றுக்குள் இருப்பவை. கணினி கணக்குக்காக நிரப்பிவைத்த எண்கள் அவை, அங்கே அப்படி ஒரு காற்று கிடையாது. ஆகவே 850-ஐ மலைக்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில் பாருங்கள்: தென்மேற்குப் பருவத்தில் மங்களூர், கொச்சியில் விடும் வானிலை பலூன்களின் அளவீடுகள். முகட்டு உயரத்துக்கு 700 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்தைப் பாருங்கள். பலூன்கள் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 கணக்கில் விடப்படுபவை. காலை அளவீடு மேசைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.

தீபகற்பத்தின் மேல் ஜூலையில் தாழ்மட்டத்தில் ஒரு மேற்கத்திய வேகக்காற்று ஓடுவதை பி. வி. ஜோசஃபும் பி. எல். ராமனும் 1966-ல் எடுத்துக்காட்டினார்கள். நீலகிரியின் மேற்கு விளிம்பின் கதை அந்தக் காற்றின் கதைதான். அது வலுக்கும் நாளில் விளிம்பு மூழ்கும். தளரும் நாளில் சாரலோடு போய்விடும். வலுப்பது எப்போது? பெரும்பாலும் வடக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது. 2019 ஆகஸ்டில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று ஒடிசாவின் பாலாசோர் அருகே கரையேறிக்கொண்டிருந்தது. நீலகிரியிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் மேல் தள்ளி. ஆனால் அது இழுத்த மேலைக்காற்றுதான் அவலாஞ்சியை மூழ்கடித்தது. அதே நாட்களில் வயநாட்டின் புத்துமலையிலும் நிலம்பூர் அருகே கவளப்பாறையிலும் மலை சரிந்தது. "தாழ்வு ஒடிசாவில்தானே, நமக்கென்ன" என்று நினைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

2009 நவம்பர் இதற்கு நேர் எதிர். பின்னர் ஃபியான் புயலாக மாறிய சுழற்சி குமரிக் கடல் வழியாக அரபிக்கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுழற்சிக்கு வடக்கே இருந்த நீலகிரியின் மேல் ஈரக் கீழைக்காற்று வந்து மோதியது. கேத்தி, குன்னூர், கோத்தகிரி நேரே நின்றன. இந்த இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். சுழற்சி வடகிழக்கில் இருந்தால் மேற்குச் சரிவு, தெற்கிலோ தென்மேற்கிலோ இருந்தால் கிழக்குச் சரிவு. காற்று சுழற்சியை எந்தத் திசையில் சுற்றும் என்று தெரிந்தவருக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய விதியே அல்ல, தானாக வரும்.

அடுத்து வேகம். காற்று மலையை ஏறித் தாண்டுமா, சுற்றிக்கொண்டு போகுமா என்பதற்கு ஃப்ரூட் எண் என்று ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகத்தை, மலையின் உயரத்தையும் காற்றடுக்கின் நிலைத்தன்மையையும் (மேலே ஏறும் காற்றைத் திரும்பக் கீழே தள்ளும் தன்மை) பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நிலைத்தன்மைக்கு வழக்கமான மதிப்பு நொடிக்கு 0.01. மலை 2,000 மீட்டர் என்றால் வகுக்கும் எண் 20. நொடிக்கு 20 மீட்டர் காற்று வந்தால் விடை 1: தாண்டிவிடும். 8 மீட்டர்தான் வந்தால் 0.4: பெரும்பகுதி பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் திரும்பிவிடும். ஒரு திருத்தம் மட்டும் மறக்க வேண்டாம். காற்று முழுக்க ஈரமாகி மேகமாக இருக்கும்போது நிலைத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், குறைந்த வேகத்திலும் காற்று ஏறிவிடும். பருவமழை நடுவில் இந்தக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே காற்று ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மழை முகட்டோடு நின்றுவிடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை எந்த இடத்தில் அதிகமாகும் என்பதை ஆர். பி. சர்க்கார் 1966-லேயே கணக்கிட்டுக் காட்டினார். மும்பை–புனே குறுக்குவெட்டில் மழையின் உச்சம் முகட்டுக்குச் சற்று முன்னால் வருகிறது. ஆனால் காற்று பலமாக இருக்கும்போது துளிகளைத் தாங்கி உள்ளே கொண்டுபோகும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விழும் துளி 2 கி.மீ. கீழே வர 400 நொடி ஆகும். அதற்குள் 20 மீட்டர் காற்று அதை 8 கி.மீ. தள்ளிவிடும். விளிம்புக்கு உள்ளே இருக்கும் அவலாஞ்சி அவ்வளவு வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்றின் வேகம் இரட்டிப்பானால் உங்கள் மழை எல்லைக்கோட்டையும் சில கி.மீ. கிழக்கே நகர்த்துங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கருவிக்கு எது தெரியாது

சென்னையில் ரேடார் படத்தைப் பார்த்து மணிக்கணக்கு மழை சொல்லிப் பழகியவர்கள் நீலகிரிக்கு வந்ததும் திணறுவார்கள். காரணம் எளிது. ரேடார் கதிர் அரை டிகிரி சாய்வில் கிளம்பினாலும், பூமியின் வளைவால் தூரம் போகப்போக உயர்ந்துகொண்டே போகும். 100 கி.மீ.யில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரம், 200 கி.மீ.யில் 4 கி.மீ.க்கும் மேல். கொச்சி ரேடாரிலிருந்து உதகை ஏறத்தாழ 165 கி.மீ. அங்கே கதிரின் நடு உயரம் சுமார் 3 கி.மீ.; தொட்டபெட்டா உச்சியையே தாண்டிப் போகிறது. போதாததற்குக் கதிரும் அந்தத் தூரத்தில் இரண்டரை, மூன்று கி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும்.

பருவக்காற்று மலையேறிப் பெய்யும் மழையோ பெரும்பாலும் தாழ்ந்த மேகத்திலிருந்து வருவது. இடி இல்லை, மின்னல் இல்லை, மேகத்தின் தலை அவ்வளவு உயரம் போவதில்லை. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தே பெருத்துக் கொட்டுகின்றன. ரேடாரில் லேசான பச்சைதான் தெரியும், கீழே மழைமானி நிரம்பிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோள் அகச்சிவப்புப் படத்திலும் இதே சிக்கல். உயரம் குறைந்த மேகத்தின் உச்சி சூடாகத் தெரிவதால், படம் "பெரிய மழை இல்லை" என்றே சொல்லும். இன்சாட் அகச்சிவப்புப் படத்தின் ஒரு புள்ளி 4 கி.மீ. அளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்குள் ஒரு முகடும் ஒரு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும்.

எனவே நீலகிரியில் முதல் சாட்சி மழைமானிதான். தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் தலைமுறைகளாக மழை அளந்து பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். அணைகளிலும் அளக்கிறார்கள். அந்த மனிதர்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள், தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காலை 8.30 மணி அளவு வரும்வரை காத்திருக்காமல் இரவு 11 மணிக்கு "இப்போ எப்படிப் பெய்யுது?" என்று கேட்க முடிகிற ஒருவர் அப்பர் பவானிப் பக்கம் இருப்பது, எந்தப் படமும் தராத தகவலைத் தரும். கேட்கும்போது அளவை மட்டும் கேட்காதீர்கள். ஓடைத் தண்ணீர் எந்த நிறத்தில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். தெளிந்து ஓடியது திடீரென்று செம்மண் நிறமானால் மேலே எங்கோ மண் நகரத் தொடங்கியிருக்கலாம்.

மழைமானிக்கும் ஒரு குறை உண்டு. முகட்டில் காற்று வேகமாக அடித்தால் துளிகள் வாயைத் தாண்டிப் பறந்துவிடும், அளவு குறைத்தே காட்டும். மரம் சூழ்ந்த இடத்தில் வைத்த மானி வேறு விதத்தில் ஏமாற்றும். ஒவ்வொரு மானி எங்கே, எப்படி நிற்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கற்க முடியாத பாடம் இது.

நான்காம் படி: மாதிரி எந்த மலையைப் பார்க்கிறது?

இந்திய வானிலைத் துறை பல ஆண்டுகள் பயன்படுத்திவந்த உலகளாவிய மாதிரி, அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல், நிலத்தைப் பிரிக்கும் கட்டம் 12 கி.மீ. அளவு. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு அதை 6 கி.மீ.யாகக் குறைத்தது. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி 9 கி.மீ. 12 கி.மீ. கட்டத்தில் மேற்கு விளிம்புச் சுவர் சுவராகவே இருக்காது, சாய்தளமாகிவிடும். கேத்தி பள்ளத்தாக்கு காணாமலே போய்விடும். மாதிரி தருவது அந்த வழித்துத் தேய்த்த மலைக்கான மழை.

செய்ய வேண்டியது இது. உங்கள் ஆறு துண்டுகளுக்கும் மாதிரியில் இருக்கும் தரை உயரத்தை எடுத்து, உண்மை உயரத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாதிரி உதகையை 1,600 மீட்டர் என்று வைத்திருந்தால், உண்மைக்கும் அதற்கும் 640 மீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற சராசரிக் கணக்கில் பகல் வெப்பத்தை 4 டிகிரி குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். மேகம் சூழ்ந்த நாளில் 5 முதல் 6 டிகிரி, வெயில் காய்ந்த பிற்பகலில் 9.8-க்கு அருகில் என்று விகிதம் மாறும். தெளிந்த குளிர்கால இரவில் இந்தக் கணக்கு மொத்தமாகத் தலைகீழாகிவிடும். அதை அடுத்த படியில் பார்ப்போம்.

மழைக்கு இப்படி ஒரு நேர்க்கணக்கு கிடையாது. மாதிரியின் மழை அளவை விட்டுவிட்டு, அது சொல்லும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். மாதிரிகள் காற்றை நன்றாகவே சொல்கின்றன. அந்தக் காற்று எந்தப் பாறையில் மோதும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: உறைபனி

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. புல்வெளியும் வண்டிகளின் கூரையும் வெள்ளையாவதைச் சுற்றுலா வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டு போவார்கள். தேயிலைக் கொழுந்து கருகினால் சிறு விவசாயிக்குப் போவது பல வார வருமானம்.

தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் வழிவதைப்போல சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் வெள்ளை படியும்போது, அவற்றைவிட உயரத்தில் இருக்கும் சரிவு வீடுகளில் ஒன்றும் இருக்காது. உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற பாடம் இங்கே செல்லாது.

மாலை 6 மணிக்கு நான்கு கேள்விகள் கேளுங்கள். மேகம் வருமா? காற்று நிற்குமா? பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு? கடந்த சில நாட்களில் மழை பெய்து மண் ஈரமாக இருக்கிறதா? மேகமும் இல்லை, காற்றும் இல்லை, பனிப்புள்ளி பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது, மண்ணும் காய்ந்திருக்கிறது என்றால் உறைபனி எச்சரிக்கை கொடுக்கத் தயங்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பனி முதலில் நீராகப் படியும், அப்போது வெளிப்படும் வெப்பம் குளிர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

ஒரு நுணுக்கம். வானிலைக் கூண்டுக்குள் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தகைய இரவில் புல்லின் நுனி அதைவிட 3, 4 டிகிரி குறைவாக இருக்கலாம். கூண்டில் 3 டிகிரி என்றாலும் புல்லில் உறைபனி படியும். எச்சரிக்கை எழுதும்போது "குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி" என்று மட்டும் எழுதினால் விவசாயி நிம்மதியாகத் தூங்கிவிடுவார். "பள்ளப் பகுதிகளில் புல்லிலும் தேயிலையிலும் உறைபனி படியும்" என்று எழுதுங்கள். தேயிலைக்கு மேல் மிலார் செடிகளைப் பரப்பி மூட வேண்டுமா, விடியற்காலையில் தண்ணீர் தெளிக்க ஆள் வைக்க வேண்டுமா என்று அவர் மாலைக்குள் முடிவெடுத்தாக வேண்டும். இரவு 10 மணிக்கு வரும் சரியான எச்சரிக்கை அவருக்கு உதவாது.

ஆறாம் படி: மேகமும் பார்வைத் தூரமும்

2021 டிசம்பர் 8-ம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்ட அனைவரும் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது என்பது முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த நாளை மறக்கக் கூடாது.

சமவெளிக்காரருக்கு மேகம் தலைக்கு மேலே. மலையில் அது சாலையில், தேயிலைத் தோட்டத்தில், பாதையின் முன்னால். மேட்டுப்பாளையத்துக்கு மேல் 1,200 மீட்டரில் மேகத்தின் அடி இருந்தால், கீழே நிற்பவருக்கு அது நல்ல நாள். குன்னூர் மலைப்பாதையில் போகிறவருக்கு அடர்ந்த மூடுபனி. ஆகவே மேகத்தின் அடி உயரத்தைக் கடல்மட்டக் கணக்கில் எடுத்து, உங்கள் குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு எந்த ஊரைத் தொடுகிறதோ அந்த ஊர் மேகத்துக்குள். தரை வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 125 மீட்டரால் பெருக்கினால் மேக அடியின் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் வித்தியாசம் 8 டிகிரி என்றால் தரையிலிருந்து 1,000 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து 1,325. குன்னூரும் அதை ஒட்டிய மேல் வளைவுகளும் கோட்டுக்கு மேலே. சில நிமிடங்களில் காற்று திரும்பினால் தெளிந்த பள்ளத்தாக்கு மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கோடை இடிமழையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயிலில் சரிவுகள் சூடாகிக் காற்று மேலேறும், நண்பகலுக்கு முன்பே முகடுகளில் மேகம் முளைக்கும், பிற்பகலில் வெப்பச்சலன மழை. காலை 11 மணி செயற்கைக்கோள் படத்தில் எந்த முகட்டில் முதல் மொட்டு விடுகிறது என்று தினமும் குறித்துவாருங்கள், ஒரு கோடையில் பழகிவிடும்.

ஏழாம் படி: எழுதுவது

இத்தனையும் தெரிந்தும், எழுதும்போது பழைய "ஓரிரு இடங்களில்" வந்து ஒட்டிக்கொள்ளும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒடிசா கரையில் தாழ்வு, மேலைக்காற்று நொடிக்கு 20 மீட்டர் என்ற நாளில் நான் எதிர்பார்க்கும் குறிப்பு இப்படி இருக்கும்:

"இன்று இரவு முதல் நாளை மாலை வரை கூடலூர், பந்தலூர், தேவாலாவில் மிக கனமழை. அவலாஞ்சி, அப்பர் பவானி, எமரால்டு வட்டாரத்தில் அதி கனமழைக்கு வாய்ப்பு. நள்ளிரவுக்குப் பின் தீவிரமாகும். உதகையில் பலத்த காற்றுடன் விட்டுவிட்டு மழை, மரங்கள் சாயலாம். குன்னூர், கோத்தகிரியில் தூறல். மசினகுடியில் காற்று மட்டும். ஆனால் மேட்டுநிலத்தில் பெய்யும் மழையால் மாயாற்றில் நீர்வரத்து திடீரென உயரலாம்."

ஊர்ப் பெயர், நேரம், எதைக் கவனிக்க வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மழை பெய்யாத ஊரையும் சொல்லியிருக்கிறோம். அது முக்கியம். மழை வராத கோத்தகிரிக்கும் சேர்த்து ரெட் அலர்ட் கொடுத்துப் பள்ளிகளை மூடவைத்தால், நவம்பரில் உண்மையான எச்சரிக்கை வரும்போது அங்கே யார் நம்புவார்கள்?

அளவுகள் துறை வகுத்தவைதான்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. ஆனால் சரிவில் ஆபத்து இன்றைய அளவில் மட்டும் இல்லை. ஏற்கெனவே பத்து நாள் ஊறிய மண்ணில் 10 செ.மீ. செய்வதைக் காய்ந்த மண்ணில் 20 செ.மீ. செய்யாமல் போகலாம். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் கடந்த 3 நாள், 15 நாள் மழைக் கூட்டுத்தொகையை மேசையில் எழுதி ஒட்டிவைத்து, அதைப் பார்த்துவிட்டே எச்சரிக்கையின் நிறத்தை முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை அழிந்தபோதும் அதற்கு முன்பே அந்தச் சரிவுகள் நன்றாக ஊறியிருந்தன. அந்த இடம் பந்தலூருக்கு எல்லைக்கு அப்பால்தான். மழைக்கு மாநில எல்லை இல்லை, அதனால் கேரள மையத்தின் குறிப்பையும் தினமும் படியுங்கள்.

எட்டாம் படி: பயிற்சி

பழைய நிகழ்வுகளை மறைத்துவைத்து விளையாடுவதுதான் சிறந்த பயிற்சி. ஒருவர் 2019 ஆகஸ்ட் 6-ம் தேதி மாலை வரையுள்ள வரைபடங்களை மட்டும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஆறு துண்டுகளுக்கும் அளவு எழுத வேண்டும். பிறகு உண்மை அளவுகளைத் திறங்கள். 2009 நவம்பருக்கும் அதையே செய்யுங்கள். இடையிடையே ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களையும் கலந்து கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் எப்போதும் அதி கனமழை என்றே எழுதுவார்கள்.

2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கனடா தன் முன்னறிவிப்பாளர்களைப் போட்டிகள் நடக்கும் மலைகளிலேயே முந்தைய குளிர்காலங்களில் இருந்து பழகவைத்தது. விஸ்லர் மலையின் நடுவயிற்றில் வந்து தங்கும் மேகம் ஒன்றுக்கு அங்குள்ளவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். அது எப்போது வரும், எப்போது கலையும் என்பதை மலையில் இருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடிந்தது. நம்மிடமும் இது நடக்க வேண்டும். நீலகிரிக்கு எழுதப்போகிற ஒவ்வொருவரும் ஒரு ஜூலை வாரம் அவலாஞ்சிப் பக்கமும், ஒரு நவம்பர் வாரம் கோத்தகிரியிலும், ஒரு ஜனவரி விடியல் தலைகுந்தாவிலும் நின்று பார்த்திருக்க வேண்டும். செலவு என்று யாராவது தடுத்தால் விடாமல் கேளுங்கள்.

தினமும் சரிபார்ப்புக் குறிப்பேடு எழுதுங்கள். துண்டுக்கு ஒரு வரி: சொன்னது, பெய்தது, முந்தைய நாள் மாலை மங்களூர், கொச்சி பலூனில் காற்றின் திசையும் வேகமும். கிழக்குப் பருவம் வந்ததும் மங்களூரை நீக்கிவிட்டுச் சென்னை, காரைக்கால் அளவைச் சேருங்கள். இரண்டு பருவம் முடிந்ததும் பக்கங்களைக் காற்றின் திசைப்படி பிரித்து அடுக்குங்கள். மேற்கு–தென்மேற்குக் காற்றில் நடுவட்டம் என்ற ஊர் எவ்வளவு வாங்கியது, அதே காற்று மேற்கு–வடமேற்காகத் திரும்பியபோது எவ்வளவு என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும். அந்த அடுக்கை உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிறவரிடம் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போங்கள்.